காலி நாற்காலிக்கும் சீட்டுப் போட்டோம்

கொண்டை ஊசி வளைவில்கூட ஹாரன் அடிக்காத என் மாமாவுக்கு,

உன் மாப்ளே எழுதுகிறேன். நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எல்லாரும் தொடங்குவார்கள். உன்னிடம் அதைக் கேட்க முடியாது. அதனால் நேராகச் செய்திக்கு வந்துவிடுகிறேன். ஆட்டம் முடிந்துவிட்டது. நீ இரண்டாவதாக வந்தாய். செத்துப் போன பிறகு இரண்டாவது இடம்.

சிரிக்காதே. எப்படி என்று முழுசாகச் சொல்கிறேன். இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையும் நடுநடுவே வரும். கொட்டாவி விடாமல் கேள்.

வெள்ளக்கடையில் காப்பித் தோட்டம் உன்னுடையது. டவுனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்னுடையது. சேலத்திலிருந்து மலைமேல் வந்த பாய் குடும்பம் நாங்கள். நீ வேன் ஓட்டிய காலத்தில் பஞ்சர் போட வந்தவன், முதல் நாளே என்னை மாப்ளே என்று கூப்பிட்டாய். நானும் பதிலுக்கு மாமா என்றேன். அப்படியே நின்றுவிட்டது. நீ மாமா ஆனதால் உன் சம்சாரம் சரசக்கா எனக்கு அக்கா ஆனாள். பேச்சுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

தோட்டத்தில் நீ கட்டிய இரண்டு ரூமில் தங்க வந்த பெங்களூர்ப் பையன்கள் ஆடியதைப் பார்த்துத்தான் நீ போக்கர் கற்றுக்கொண்டாய். அதுவரை நமக்குத் தெரிந்தது ரம்மி. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில், அவ்வளவுதான் மாப்ளே என்று என் குடோனில் வந்து உட்கார்ந்தாய். காசு வைத்தால் என் கடைக்குள் சீட்டே வரக்கூடாது என்று சொன்னேன். நீ மறு பேச்சுப் பேசாமல் போய் காசுக்குப் பதிலாக வைக்க ஒரு மூட்டை காப்பிக்கொட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மழைக்காலத்தில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் டூரிஸ்ட் எவனும் வருவதில்லை. அதுதான் நம் நேரம்.

சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் ஆடுவதற்குக் கடை ஆட்டம் என்று பெயர் வைத்தாய். வருஷத்துக்கு ஒரு தடவை, எட்டுப் பேர் சேர்ந்து ஒருவர் மிஞ்சும் வரை வாரக்கணக்கில் ஆடுகிற போட்டிக்கு மலையேத்தம் என்று பெயர் வைத்தாய். இரண்டுக்கும் சீட்டு ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டேன். அன்றைக்கு நீ பேசிய பேச்சு அப்படியே காதில் இருக்கிறது.

"கடை ஆட்டம்னா நீ கடை தெறக்கற மாதிரி மாப்ளே. இன்னைக்கு யாவாரம் இல்லீன்னா ஷட்டர இழுத்துட்டு ஊட்டுக்குப் போலாம். கொட்டை தீந்துபோச்சா, மூட்டைல இன்னொரு கை அள்ளிக்கோ. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் கவுத்துக் கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கலாம். பத்துல ஆறு உனக்குச் சாதகம்னா எல்லாத்தையும் தள்ளு. இன்னைக்குப் போனா நாளைக்கு வரும்."

"மலையேத்தம்?"

"அடிவாரத்துல ஊத்துன டீசல்தான். நடுவால பங்க் கெடையாது. ஏற ஏறச் செங்குத்து. போன கொட்டை போனதுதான். அதனால ஜெயிக்கற ஒரு கொட்டைய விட தோக்கற ஒரு கொட்டை பெருசு. பத்துல ஆறு சாதகம்னாலும் மொத்தத்தையும் தள்றதுக்கு முன்னால யோசிக்கோணும். அதுக்காக நின்னேன்னு வெச்சுக்கோ, வண்டி பின்னால உருண்டுரும்."

நின்றால் உருளும் என்று நீ சொன்னது பிளைண்ட்டை. சீட்டுப் போடுகிற ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர், தங்கள் சீட்டைப் பார்க்கும் முன்பே கொஞ்சம் கொட்டை வைத்தாக வேண்டும். ஒருவர் சின்னது, அடுத்தவர் அதில் இரண்டு மடங்கு. கை மாற மாற இந்த முறை எல்லாரையும் சுற்றி வரும். கடை ஆட்டத்தில் அந்த அளவு மாறவே மாறாது. மலையேத்தத்தில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஏற்றுவாய். இந்தக் கை எனக்கு வேண்டாம் என்று சும்மா சீட்டைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை அதுவே தின்றுவிடும்.

நான் கடைக்காரன். கடை ஆட்டத்தில் உங்கள் எல்லாரையும் மொட்டையடிப்பேன். மலையேத்தத்தில் நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே கரைந்து போய், முதல் ஆளாக எழுந்து டீ வாங்கப் போவேன். "பாய் வந்துட்டாரு, டீ வந்துருச்சு" என்று நீ கத்துவாய். அதற்காகவே இந்த வருஷம் உன்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று இருந்தேன். சரியான ஆளு நீ.

இன்னொரு சட்டமும் நீ போட்டதுதான். நடு ஆட்டத்தில் சாயங்கால அஸர் தொழுகைக்கு நான் எழுந்து போவேன். கடை ஆட்டத்தில் அது பிரச்சினையே இல்லை. என் கொட்டையை ஓரமாக ஒதுக்கி வைப்பாய், வந்ததும் தருவாய். மலையேத்தத்தில் ஒதுக்க மாட்டேன் என்றாய். ஆள் இல்லாவிட்டாலும் சீட்டுப் போட வேண்டும், அவன் பிளைண்ட்டை வைக்க வேண்டும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவன் சீட்டைச் செத்த சீட்டு என்று கணக்கு வைக்க வேண்டும். "சாமி கும்புடப் போனாலும் சரி, செத்தே போனாலும் சரி, ஆட்டம் நிக்காது மாப்ளே." இதை நீ சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

நெஞ்சு பிசைகிறது என்று நீ முதலில் சொன்னது இந்த வருஷ மலையேத்தம் தொடங்கிய வாரத்தில். சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் மாப்ளே." அடுத்த வாரம் ரூமுக்கு ஆள் வருகிறார்கள் என்றாய். அதற்கடுத்த வாரம் மழை. நல்ல சீட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி கவிழ்த்துக்கொண்டே இருந்தாய். எங்களுக்கு அவ்வளவு விளக்கமாகச் சொன்ன மனுஷன், நீ உட்கார்ந்திருந்தது எந்த ஆட்டத்தில் என்று உனக்குத் தெரியவில்லையா? இல்லை, தெரிந்துதான் கவிழ்த்தாயா? இதை நினைத்தால் உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்துக் கிளை கழிக்க ஏணி சாய்த்தவன், ஏறாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாய். அக்கா போன் பண்ணினாள். நான் வண்டியோடு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை மாமா. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த வாசலில் உங்கள் பெரியவர் ஒருவர், "பொறந்த ஊட்டுக் கோடி யாருங்க கொண்டாறது?" என்று கேட்டார். புருஷனை இழந்தவளுக்குக் கூடப் பிறந்தவன் கொண்டு வருகிற புதுச் சேலை அது, அக்காவுக்குத்தான் கூடப் பிறந்தவன் இல்லையே. அக்கா தலையைத் தூக்காமலே, "எந் தம்பி டவுன்ல கடை வெச்சிருக்கான், அவன் கொண்டாருவான்" என்றாள்.

போனேன். என்ன மாதிரிச் சேலை என்று துணிக்கடைக்காரர் கேட்டார். கோடி என்று மட்டும் சொன்னேன். அவரே எடுத்துப் போட்டார். அந்தச் சேலைக்கு நான் பேரம் பேசினேன் மாமா. வாய் பாட்டுக்குப் பேசியது. அவர் குறைத்தும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் தோளில் போட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு அவள் அழுதபோது, வெளியே ஸ்டாண்ட் போடாமல் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டோமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடை திறந்தேன். டயர் மாட்டினேன். மத்தியானம் ஒரு தட்டுச் சோற்றைத் தின்று முடித்துக் கை கழுவும்போது, என் ஊட்டுக்காரி சோற்றை வாயில் வைத்துவிட்டு, "ஏனுங்க, குழம்புல உப்பே இல்ல, எப்படிங்க தின்னீங்க?" என்றாள். எனக்குத் தெரியவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் மூன்று பேரும் குடோனுக்கு வந்துவிட்டோம். எட்டுப் பேரில் நாலு பேர் மிஞ்சியிருந்தது உனக்குத்தான் தெரியுமே. நீ, நான், எஸ்டேட்டில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆன ரைட்டர், கிளியூர் ஜானகி டீச்சர். உன் நாற்காலியில் உன் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. உன் கொட்டை, நீ மூடி போட்டு வைத்த கண்ணாடி பாட்டிலில் அப்படியே இருந்தது. ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். டீச்சர் உன் பாட்டிலைத் திறந்து, உன் இடத்தில் கொட்டையைக் கொட்டினார். நீ குவிப்பது மாதிரியே கூம்பாகக் குவித்தார். ரைட்டர் சீட்டைக் கலைத்து, காலி நாற்காலிக்கும் சேர்த்துப் போட்டார்.

பெரிய பிளைண்ட் உன் முறை. டீச்சர் உன் குவியலிலிருந்து எடுத்து வைத்தார். சின்னது என்னுடையது. உன் சீட்டு செத்த சீட்டு. நாங்கள் யார் அதற்கு மேல் ஒரு கொட்டை ஏற்றி வைத்தாலும் உன் பிளைண்ட் எங்களுடையது. டீச்சர் சீட்டைப் பார்த்தார், கவிழ்த்தார். ரைட்டர் பார்த்தார், கவிழ்த்தார். என் கையில் இரண்டு ஆஸ். அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் சீட்டே கிடையாது. கவிழ்த்தேன்.

எல்லாரும் கவிழ்த்தால் பெரிய பிளைண்ட் வைத்தவனுக்கே நடுவில் இருப்பது போகும். என் சின்ன பிளைண்ட் உனக்கு வந்தது. அடுத்த கையில் சின்னது உன் முறை. அது உன்னிடமிருந்து போனது. வந்ததும் போனதும் ஒன்றுதான். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. உன் முறை வந்தால் மூன்று பேரும் கவிழ்த்தோம். பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. எங்களுக்குள் மட்டும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டோம். வாரம் ஏற ஏற பிளைண்ட்டும் ஏறியது. உன் குவியல் மட்டும் நீ விட்டுப் போன அளவிலேயே நின்றது.

ஒரு நாள் உன் பிளைண்ட்டுக்கு ரைட்டர் ராஜா ஜோடியைக் கவிழ்த்ததைப் பார்த்துவிட்டேன்.

"ஏனுங்க ரைட்டர், ராஜா ஜோடிய யாராச்சும் கவுத்துப் போடுவாங்களா?"

"நாங்க என்னங்க புதுசாப் பண்றோம்? அவரு பண்ணுனதுதானுங்க இது." ரைட்டர் டீச்சரைப் பார்த்தார். "பாய்கிட்ட யாரும் சொல்லலீங்களா?"

டீச்சர்தான் சொன்னார். "நீங்க தொழுகப் போனீங்கன்னா உங்க பிளைண்ட்ட அண்ணன் தொட மாட்டாருங்க. எங்களையும் ஒரு மொற மொறைப்பாரு. நாங்களும் கவுத்துருவோம்."

அடப்பாவி. ஆட்டம் நிற்காது என்று சட்டம் பேசிய வாய்தானா அது? தொழுதுவிட்டு வரும்போதெல்லாம் என் கொட்டை போட்டது போட்டபடி இருக்கும். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். உன்னிடமே பீற்றிக்கொண்டேன். நீயும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய்.

ரைட்டர் டீச்சரிடம் தோற்றார். டீச்சர் என்னிடம் தோற்றார். மேஜையில் நீயும் நானும் மட்டும்தான். மலையேத்தத்தில் நான் அவ்வளவு தூரம் வந்ததே கிடையாது. எழுந்து வந்து பார்க்க மாட்டாயா?

டீச்சர் சீட்டுப் போட்டார். ஒரு கை விட்டு ஒரு கை பெரிய பிளைண்ட் உனக்கு. நான் கவிழ்ப்பேன், என் சின்னது உனக்கு வரும். மறு கையில் உன் சின்னது எனக்கு வரும். மறுபடி கவிழ்ப்பேன். மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மத்தியானம் முழுக்க இதையே செய்தேன். எதிரில் ஆள் இல்லை, ஒரு கொட்டை ஏற்றினால் போதும், இதைவிடச் சுலபமான ஜெயிப்பு உலகத்தில் கிடையாது. என் கை போகவில்லை. ரைட்டர் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க பாய், இப்படியே போனா இது எப்பத்தானுங்க முடியும்?" அவர் கேட்டது நியாயம்தான். நான் தொழுகை முடிந்து திரும்பி வருகிறவன். எனக்காக நீ கவிழ்த்ததில் ஒரு அர்த்தம் இருந்தது.

அப்போதுதான் சரசக்கா வந்தாள். பேங்க் வேலையாக டவுனுக்கு வந்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று கடைக்குள் எட்டிப் பார்த்தவள் குடோன் வரைக்கும் வந்துவிட்டாள். எனக்கு உடம்பு கூசிப் போனது.

"ஏந் தம்பி, எதுக்கால ஆளே இல்ல, யாருகூட ஆடறே?"

டீச்சர்தான், "அண்ணன்கூடத்தானுங்க அக்கா" என்றார்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூட்டைமேல் உட்கார்ந்து, ஸ்வெட்டரைப் பார்த்தாள். அப்புறம் கொட்டையைப் பார்த்தாள்.

"இவ்வளவும் அவருதா?"

"ஆமாங்கக்கா."

"ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

விளக்கினேன். கடை ஆட்டமாக இருந்தால் அன்றைக்கே துணியில் முடிந்து உங்கள் கையில் கொடுத்திருப்பேன் அக்கா, அதில் யார் எப்போது எழுந்தாலும் அவர்கள் கொட்டை அவர்களோடு போகும். மலையேத்தத்தில் எழுந்தாலும் கொட்டை எழுந்திருக்காது. ஒருத்தர் கைக்கு மொத்தமும் வருகிற வரைக்கும் மேஜையை விட்டு ஒன்றுகூடப் போகாது.

"அப்ப அவரு எத்தனை நாளைக்கு இங்கயே உக்காந்திருப்பாரு?"

"நான் கவுத்துட்டே இருந்தா எப்பவுமே இருப்பாருங்கக்கா."

அக்கா புடவைத் தலைப்பால் உன் ஸ்வெட்டரின் தோளில் இருந்த தூசியைத் தட்டினாள்.

"நொம்ப நேரம் உக்காந்துட்டாரு சாமி. காலு மரத்துப் போயிருக்கும். எந்திரிக்கட்டும் உடு."

டீச்சர் சீட்டுப் போட்டார். எனக்கு வந்தது ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான சீட்டு கிடையாது என்று நீதான் சொல்வாய். ஏத்தறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொன்னேன். டீச்சர் உன் பிளைண்ட்டை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த கையில் உன் சின்னது. அதற்கடுத்த கையில் மறுபடி ஏற்றினேன். பிளைண்ட் அவ்வளவு உயர்ந்துவிட்டதால் வேகமாகக் கரைந்தது. டீச்சர் நகர்த்துகையில் கொட்டை சிந்தும்போதெல்லாம் அக்கா குனிந்து பொறுக்கி மேஜையில் வைத்தாள்.

கடைசிக் கை. பிளைண்ட்டுக்கே பத்தாத கொஞ்சம் கொட்டைதான் உன் பக்கம் மிச்சம். எடுத்தேன். உன் சீட்டு இரண்டும் கவிழ்ந்து கிடந்தன. என்ன வந்திருந்தது பார்க்கலாமே என்று ரைட்டர் கையை நீட்டினார். அக்கா தன் கையைச் சீட்டின்மேல் வைத்துவிட்டாள்.

"வேண்டாங்க. அது அவரு சீட்டுங்க."

பார்க்காமலே சீட்டுக்கட்டில் சேர்த்துவிட்டோம். அக்கா ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

ஜெயித்தவனுக்கு நீ வைத்த பரிசு உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த நசுங்கிய எவர்சில்வர் போசி. அதில் ஏதாவது சமைத்து அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் கொண்டு வர வேண்டும். அதுவரை நான் தொட்டதே இல்லாத போசி. என்ன சமைப்பது என்று தெரியவில்லை. ஜெயித்த கொட்டையை எல்லாம் அதில் கொட்டி, வெள்ளக்கடைக்கு எடுத்துப் போய் அக்காவிடம் கொடுத்தேன். இனிமேல் இது வெறும் காப்பிக்கொட்டைதானே அக்கா என்றேன். அவள் இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து அரைத்துக் கொடுத்தாள். உன் தோட்டம் முழுக்க வாசம் வந்தது.

செவ்வாய்க்கிழமை போசி நிறையக் காப்பியோடு அக்காவும் வந்தாள். டம்ளரில் ஊற்றினாள். ரைட்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஈரம் குடிச்ச கொட்டைங்க இது. எத்தனை பேரு கை பட்டதோ" என்று எஸ்டேட் உத்தியோகத்தைக் காட்டினார். டீச்சர் சர்க்கரை கேட்டார். நான் யோசிக்காமல் ஒரே மடக்காகக் குடித்தேன்.

நாக்கு வெந்துபோனது மாமா. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். வலித்தது. கோடி எடுத்த அன்றைக்கு வராத வலி, உப்பில்லாத சோற்றில் தெரியாத வலி, நீ போனதிலிருந்து எனக்கு எங்கேயாவது வலித்தது அதுதான் முதல் தடவை. "ஐயோ கண்ணு, சூடுன்னு சொல்றதுக்குள்ள குடிச்சுட்டியே" என்று அக்கா தண்ணீர் எடுக்க ஓடினாள். அவள் வருவதற்குள் நான் அழ ஆரம்பித்திருந்தேன். நிறுத்த முடியவில்லை. நீ இல்லை மாமா. நீ இல்லவே இல்லை.

உன் நாற்காலியை எடுத்துக் கடை முன்னால் போட்டுவிட்டேன். பஞ்சர் போட வருகிறவர்கள் உட்காருகிறார்கள். குடோனில் இப்போது கடை ஆட்டம்தான். மூன்று பேர். நான்தான் ஜெயிக்கிறேன், ஆனால் கத்துவதற்கு ஆள் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை சீட்டு கிடையாது. எனக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும்தான் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் தலை சுற்றல் இருக்கிறது, உன்னிடம் சொல்லவே இல்லையாம். அவளையும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குகிறேன். இரண்டு பேருக்கும் நெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். மழையானாலும் சரி, கடையில் எவன் வந்து நின்றாலும் சரி, இந்தக் கையை நான் கவிழ்க்க மாட்டேன்.

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போவேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

சரசக்காவின் தம்பி,
உன் மாப்ளே சிராஜ்